ஏழு வயசுக்காரனா, முப்பத்தோரு வயசுக்காரனா?

கிரிக்கெட் தெரிந்தவனுக்கு மட்டை பிடிக்கிற எல்லா ஆட்டமும் தெரியும் என்று நம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் நான் முக்கியப் புள்ளி. படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டதால் சந்தேகப்படும் பழக்கம் எனக்கு வரவேயில்லை.

சித்தூரில் எங்கள் சபை வாலிபர்களுக்கும் திருப்பதி சபை வாலிபர்களுக்கும் வருஷா வருஷம் கிரிக்கெட் உண்டு. தோற்றவர்கள் மத்தியானப் பிரியாணி அண்டாவைக் கழுவ வேண்டும். அடிப்பிடித்த அண்டா. உள்ளே இறங்கித்தான் தேய்க்க வேண்டும். எப்போதும் நாங்களே இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் கேப்டன் நான். "இந்த தபா அண்டாவ தொட்டா என் பேர மாத்திக்கிறேன்" என்று சர்ச் வாசலிலேயே நின்று சொல்லியிருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.)

அன்றைக்குப் பார்த்து மழை. மைதானம் குளம். திருப்பதி கேப்டன் என் அக்கா வீட்டுக்காரர். அவர் சின்ன வயசில் வாங்கிய டிவி கேம் பெட்டியைக் கார் டிக்கியிலிருந்து எடுத்து வந்தார். அதில் வேலை செய்தது ஒரே ஒரு கேசட், பேஸ்பால்.

"கிரிக்கெட் மாதிரிதான் மச்சான். மட்டதான் உருண்டையா இருக்கும்."

"அப்போ நமக்கு தண்ணி பட்ட பாடு மாமா."

சபை ஹால் டிவியில் சிவப்பு கலர் செத்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனால் என் ஆட்கள், அவர் ஆட்கள், எல்லாருக்கும் ஒரே சாம்பல் சட்டை, ஒரே தொப்பி, ஒரே தொப்பை. மூன்று பேர் அவுட்டானால் பேட்டிங் கைமாறிவிடும் என்று மாமா பலமுறை சொன்னார். நானும் பலமுறை தலையாட்டினேன். எப்படியோ கடைசி ரவுண்டில் ஸ்கோர் நாலுக்கு நாலு என்று நின்றது.

அப்போது பாஸ்டர் ஐயா, "நிறுத்துங்கப்பா, ஜெபம் பண்ணிக்கலாம்" என்றார். கேம் ரிமோட்டுகளைப் பாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினோம். ஐயா மழைக்கு நன்றி சொல்லி, மாங்காய் விலைக்கு விண்ணப்பம் வைத்து, தேசத் தலைவர்கள் வரை போய்த் திரும்பி வந்தார். மாமா தூங்கியே போய்விட்டார். யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று அக்கா ரிமோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆமென் சொன்னதும் ஆளுக்கொன்றாக எங்கள் மடியில் போட்டாள்.

பட்டனை அழுத்தினேன். மட்டை ஆடியது. நம்ம பேட்டிங். மாமா திடுக்கிட்டு விழித்து அவர் பட்டனைத் தட்டினார். பந்து பறந்தது. அவர் பௌலிங். இருவருக்கும் திருப்தி.

இந்தச் சமயத்தில் ஒரு நல்ல ஆளை இறக்கலாமே என்று பட்டியலைத் திறந்தேன். இரண்டு பேர் மிச்சம். பெயர் இங்கிலீஷ், அது எனக்குப் படம் மாதிரி. நம்பர் மட்டும் தெரியும். ஒருத்தனுக்கு 301, பக்கத்தில் 7. இன்னொருத்தனுக்கு 298, பக்கத்தில் 31.

"பெரிய நம்பர்காரன வுடுடா" என்றான் எங்கள் விக்கெட் கீப்பர்.

"மூணுதானேடா கம்மி. அந்த ஏழும் முப்பத்தொண்ணும் இன்னா?" அக்கா கேட்டாள்.

"வயசா இருக்கும்" என்றேன்.

"ஏழு வயசு புள்ளைக்கா இம்மாம் தொப்ப?"

"ஃபாரின் புள்ள அக்கா. நல்லா துன்னும்."

"தொந்தரகா மச்சான்" என்று மாமா தெலுங்கில் அவசரப்படுத்தினார். "பிரியாணி ஆறிக்கினு கீது."

ஒரே பெண்ணுக்கு இரண்டு வரன் வந்த தகப்பன் மாதிரி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். முகம் என்றால் நாலு புள்ளிதான். கடைசியில், சின்னப் பிள்ளையை அவ்வளவு வேகமான பந்துக்கு முன்னால் நிறுத்த மனசு வராமல் முப்பத்தொன்றை இறக்கினேன். (அது வயசு இல்லை, அவன் மைதானத்தைத் தாண்டி அடித்த அடிகள் என்று பிற்பாடு மாமா சொன்னார். இரக்கப்பட்டதற்கு இப்படி ஒரு பலன்.)

அடித்தான். பந்து டிவியை விட்டே போய்விட்டது. எங்கள் சபை முழுக்க எழுந்து ஆடியது. நான் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடினேன். மாமா தலையில் கை வைத்து, "ஓடிபோயாம், தோத்துட்டோம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர் ஐயா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனார்.

"ஸ்கோர்ல மேல இருக்கிறது யாருப்பா?"

"நாங்க ஐயா."

"கீழ?"

"மாமா டீம்."

"கீழதாம்பா அஞ்சு போட்டிருக்குது."

என் மூன்றாவது ஆள் ஜெபத்துக்கு முன்னாடியே அவுட்டாகியிருந்தான். அதன்பின் பேட்டிங் திருப்பதிக்கு. ரிமோட் மாறி என் மடியில் விழுந்ததால், அவ்வளவு யோசித்து, அவ்வளவு ஒப்பிட்டு, மாமா டீமுக்குத்தான் ஆள் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"அடிச்சது என் கை ஐயா" என்றேன்.

"அடி வாங்குனது என் கைதான" என்றார் மாமா. "ஆனா டீம் எங்குளுது."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்கோர் பலகையில இருக்கிறபடி போவோம்" என்றார்.

நான் அண்டாவுக்குள் இறங்கினேன். மாமா வெளியே நின்று தண்ணீர் ஊற்றினார். "எங்க டீமுக்கு இப்டி ஒரு அடி எவனும் அடிச்சதில்ல மச்சான்" என்றார். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னார். அதுதான் எரிந்தது.

இன்றைக்கும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், ஜெபத்துக்குக் கண்ணை மூடும்முன் அக்கா தன் தட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்கிறாள். "ஆமென் சொன்னா இவன் யார் தட்டுல கை வெப்பான்னே தெரியாது" என்கிறாள். பிள்ளைகளும் வரிசையாகத் தட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ரிமோட்டை மாற்றிப் போட்டதே நீதானே என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு எனக்கு மட்டும் கறி வரவில்லை.