நீலத்தை எடுத்துருங்க அண்ணாச்சி

அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் நாலே நிறம்தான்: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. அதற்கு மேல் யோசிக்கும் மூளை எனக்கு அந்த வயதில் இல்லை. (இப்போதும் சந்தேகம்தான்.)

அப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். சீசனில் எங்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர். அது போனால் அச்சகத்துக்குப் பூட்டுத்தான். அந்தக் கம்பெனி முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் விரலில் ஒரு நீலக்கல் மோதிரம்.

லேசுப்பட்ட கல் இல்லை. முதலில் வைத்திருந்த ஜமீன்தார் அரண்மனையை இழந்தாராம். அடுத்து வாங்கிய விருதுநகர் வத்தல் வியாபாரி கடையோடு காணாமல் போனாராம். அண்ணாச்சி மட்டும் “கல்லு என்னலே செய்யும்?” என்று அதை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு மேல் கம்பெனி கட்டினார். அவர் டீ கிளாஸைத் தூக்கினால் நாங்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பார்ப்போம். அப்படி ஒரு நீலத்தை நான் எந்த மை டப்பாவிலும் கண்டதில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த வருஷம் லேபிளில் அண்ணாச்சியின் படமே வந்தது. முதல் தாளை மேஜையில் விரித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் குரல்.

“எப்படிலே இருக்கு?”

கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“மொகத்துல உசுரே இல்ல அண்ணாச்சி. எல்லாம் இந்த நீலம் பண்ற வேல. அத எடுத்துட்டா பொளச்சிக்கிருவீக.”

திரும்பினால், அச்சக முதலாளி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். அண்ணாச்சி மோதிரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார். அது வரவில்லை. மிஷின் துடைக்கும் மண்ணெண்ணெயை எடுத்து விரலில் ஊற்றித் திருகினார்.

“ஜோசியன் துட்டுக்குச் சொல்லுவான். இதையெல்லாம் நம்பாத பாய் வீட்டுப் பய சொல்லுதான்னா விஷயம் இருக்குலே.”

மோதிரம் கழன்றது.

“நிம்மதியாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? கழட்டுனா, பயந்துட்டான்னு ஊரு சிரிக்கும்ல.”

அந்தப் பெரிய மனிதரை ஏமாற்ற மனம் வரவில்லை. ஆர்டர் போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணாச்சி, நான் சொன்னது தாள்ல இருக்க நீல மைய.”

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அச்சக முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி மோதிரத்தை அந்த லேபிளிலேயே சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

“மையையும் கொறைச்சிரு. ஆனா யாரு கேட்டாலும், நீ சொன்னது கல்லத்தான். வெளங்குதா?”

ஆர்டர் நிலைத்தது, என் மானம்தான் போனது. மறுவாரமே ஊர்ப்பட்ட மோதிரங்கள் அச்சகத்துக்கு வந்தன. “ஒங்க மகன் கல்லு பாப்பாராமே?” என்று பள்ளிவாசல் வாசலிலேயே அத்தாவைக் கேட்டிருக்கிறார்கள். அத்தா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

என் நிக்காஹ்வுக்கு அண்ணாச்சி வெறும் விரலோடு வந்தார். மணப்பெண்ணிடம், “மாப்பிள எதைக் கழட்டச் சொன்னாலும் ஒடனே கழட்டிராத தாயி, நல்லாக் கேட்டுக்க” என்றார்.

அவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். இன்றுவரை வீட்டில் நான் எதைச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“இது கல்லா, மையா?”