குழலில் ஒட்டிய ஈயம்

"மாப்பிள்ளையின்ரை குரலை ஒருக்காக் கேப்பம் தம்பி" என்று, சம்பந்தம் பேசப் போன வீட்டில் பெண்ணின் தகப்பன் அருளப்பு மாஸ்ரர் கேட்டதும், சிமியோன் பெருமையோடு கைபேசியை எடுத்து, அப்போதுதான் வந்திருந்த குரல்பதிவை அழுத்திவிட்டான். தான் முதலில் கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்தப் புத்தி அவனுக்கு வரவில்லை.

"அத்தான், உள்ளுக்கை முழுக்க ஈயம் ஒட்டிக் குழல் அடைச்சுப்போச்சு! இன்னொருக்காப் போட்டால் வெடிச்சிடுமோ எண்டு பயமாக் கிடக்கு!"

சிமியோன் குருநகரில் மீன்வலைகளுக்குப் பாரமாகக் கட்டும் ஈயத்தை வார்ப்பவன். மனைவியின் தம்பி பிரகாஸ் சுவிஸில் இருந்து, ஈயம் உருக்குவது எப்படி என்று போன மாதம் கேட்டபோது, எதற்கென்று தெரிந்தே எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆனால் அந்தச் சாமானின் பெயரை மட்டும் இருவரும் போனில் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. போனில் எதைச் சொல்லக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பிரகாஸுக்கு வயது முப்பத்தெட்டு. இது நான்காவது சம்பந்தம். "இதையும் குழப்பினால் வீட்டுப் பக்கம் வராதையுங்கோ" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

"அதென்ன குழல் தம்பி?"

"தண்ணிக் குழாய் மாஸ்ரர்" என்றான், வாயில் வந்தபடி.

"பாங்கிலை வேலை எண்டெல்லோ சொன்னனீர்?"

"பாங்குதான். இது வீட்டிலை சமைக்கிற குசினிக் குழாய்."

மாஸ்ரரின் மனைவி றோசம்மா முகத்தைச் சுருக்கினாள். "குசினிக் குழாய்க்குள்ளை ஆராவது ஈயம் போடுவினமோ? அவருக்குத் தலையிலை ஏதும் சுகயீனமோ?"

"சீச்சீ! அவர் போடேல்லை அன்ரி. சின்னப்பிள்ளை ஒண்டு விளையாட்டுக்குப் போட்டிட்டுது."

"அவற்றை வீட்டிலை சின்னப்பிள்ளையோ? ஆற்றை பிள்ளை?"

எதை மறைக்க எதைச் சொன்னோம் என்பது சிமியோனுக்கே பிடிபடவில்லை. மாஸ்ரர், றோசம்மா, தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்ற மகள் ஜெனிஸ் மூவரின் முகத்தையும் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தான். ஜெனிஸ் வலைப்பந்தில் வென்றவை என்று மாஸ்ரர் வந்தவுடனேயே காட்டிய கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த சின்ன உருவத்தை மறைத்து ஏனோ பிளாஸ்டிக் பூ செருகியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி மறுபடி கூவியது. சத்தத்தைக் குறைக்கப் போய் அதையும் அழுத்தித் தொலைத்தான்.

"அத்தான், கிளப்பிலை இனி வரவேண்டாம் எண்டிட்டாங்கள்! பக்கத்திலை நிண்ட பொம்பிளையள் எல்லாம் பயந்துபோச்சினம்!"

"கிளப்போ!" றோசம்மா எழுந்தே விட்டாள். "பிள்ளையும் இருக்கு, கிளப்பும் இருக்கு! ஜெனிஸ், நீ உள்ளுக்குப் போ!"

ஜெனிஸ் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள்.

இனி மறைத்துப் பலனில்லை. சிமியோன் யன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பிள்ளையும் இல்லை, குழாயும் இல்லை. கைத்துவக்கு மாஸ்ரர். சுடுற விளையாட்டுக் கிளப், எல்லாம் சட்டப்படிதான். அதின்ரை குழலுக்குள்ளை குண்டைச் சுழட்டுற வழமையான வரிப்பள்ளம் இல்லையாம், அறுகோணமாய் வழுவழுவெண்டு கிடக்காம். எனக்கு உது விளங்கேல்லை. வலைக்கு வார்க்கிற மாதிரியே ஈயத்தைக் குண்டாய் வார்த்துப் போடச் சொல்லிப்போட்டன். பிழை என்ரை."

மாஸ்ரர் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார். சம்பந்தம் முடிந்தது என்று சிமியோன் நினைத்தான். பாவம் பிரகாஸ் என்று மனம் உண்மையாகவே நொந்தது.

"அறுகோணக் குழலுக்கு வார்த்த ஈயம் போடவே கூடாது அண்ணை" என்றாள் ஜெனிஸ், தட்டை மேசையில் வைத்தபடி. "செம்பு போர்த்த குண்டுதான் போடவேணும். அவரைக் கையேட்டை வாசிக்கச் சொல்லுங்கோ."

சிமியோன் வாயைப் பிளந்தான். அவளோ தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அவர் உண்மையைச் சொல்லிப்போட்டார். இனி நீங்களும் உந்தப் பூவுகளைக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ, என்ரை கப்பிலை ஒண்டாவது வலைப்பந்துக்குக் கிடைச்சதோ?"