ஓம் அண்ணை என் அப்பாவான கதை

'இல்லை' என்ற சொல்லே தெரியாத ஒரு தமிழர் ஜெனீவாவில் உண்டென்றால் அவர் எங்கள் ஓம் அண்ணைதான். 'இல்லை' என்று சொன்னால் கேட்டவர் மனம் நோகுமாம்; அதனால் எதற்கும் 'ஓம்', அதாவது 'ஆம்', என்பார். பக்கத்து வீட்டுக்காரி பிரெஞ்சில் ஏதோ கேட்க, விளங்காமலே தலையாட்டிவிட்டு, அவள் விடுமுறை முழுக்க அவளுடைய நாயோடு தெருத் தெருவாக அலைந்தவர். தொழில், குழாய் திருத்துவது. ஆனால் டை கட்டாமல் குழாயில் கை வைக்கமாட்டார்.

அந்த டைதான் என்னை மாட்டிவிட்டது.

சுபாவும் நானும் விரும்பியிருந்தோம். அவளுடைய பெற்றோரின் சம்மதம்தான் பாக்கி. அவர்கள் என்னைப் பார்க்க வரும் நாளில் பாத்திரம் கழுவும் குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. டாவோஸில் ஹோட்டல் சமையற்காரரான என் அப்பாவின் ரயிலும் தாமதம். ஓம் அண்ணையைக் கூப்பிட்டுக் குழாயைத் திருத்த வீட்டில் விட்டுவிட்டு, சுபா வீட்டாரை அழைத்துவர ட்ராம் தரிப்பில் போய்க் காத்து நின்றேன். அவர்களோ காரில் வந்து இறங்கிவிட்டார்கள்.

திரும்பி வந்தால், சோபாவின் நடுவில் ஓம் அண்ணை. காரை நிறுத்த இடம் தேடிப் போன சுபா இன்னும் வரவில்லை.

"உங்கட அப்பா தங்கமான மனிசன். கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் எங்களோடயே இருப்பியள் எண்டிட்டார்," என்றார் சுபாவின் அப்பா.

ஓம் அண்ணையைப் பார்த்தேன். "அப்பாவோ?"

"டையைப் பாத்திட்டு, மாப்பிள்ளையின்ர அப்பாவோ எண்டு கேட்டன். ஓம் எண்டார்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "மூத்தவளின்ர சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒரு பொய்யாலதான் முறிச்சனான்," என்று அவர் தொடர்ந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மணி அடித்தது. சுபாவின் அம்மா கதவைத் திறந்தார். பழைய ஜாக்கெட்டும் தோள்பையுமாக என் அப்பா.

"குழாய் திருத்த வந்தனீங்களோ? குசினி அங்காலை."

சம்பந்தி அம்மாவை முதல் நாளே மறுத்துப் பேசக்கூடாதென்று அப்பா பேசாமல் உள்ளே போனார். நான் பின்னால் ஓடுவதற்குள் குழாய் பீறிட்டது. சொட்டச் சொட்ட அவர் வெளியே வரவும் சுபா உள்ளே வரவும் சரியாக இருந்தது. அப்பாவோடு வீடியோவில் கதைத்துப் பழகியவள் அவள்.

"மாமா, ஏன் இப்பிடி நனைஞ்சு நிக்கிறியள்?"

சுபாவின் அப்பா மெதுவாக ஓம் அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்கள் சொன்னது பொய்."

"ஓம்."

"இந்தப் பொடியனும் இதுக்கு உடந்தையோ?"

ஓம் அண்ணையின் கழுத்தில் வியர்வை ஓடியது.

"இல்லை," என்றார். "தம்பியில ஒரு பிழையும் இல்லை."

அப்பா துவட்டத் துவாயோடு வந்த சுபாவின் அம்மாதான், சம்பந்தியையே குழாய் திருத்த அனுப்பியதை நினைத்து முதலில் சிரித்தார். பிறகு அவருடைய கணவரும்.

கலியாணம் திரிம்பாக் ஊர்க் கோயிலில் நடந்தது. இப்போது என் மகளுக்கு அப்பா வழியில் இரண்டு அப்பப்பாக்கள். டாவோஸில் ஒருவர், குசினியில் குழாய்க்குக் கீழே ஒருவர். நாங்கள் அவளைத் திருத்துவதில்லை.