காலிப் போசி

மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டபோது, பெரிய எவர்சில்வர் போசியில் பாசிப்பயறுச் சுண்டல் விளிம்பு குறையாமல் அப்படியே இருந்தது.

மாதவனுக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பனியன் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். போன வாரம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தைத்துக்கொண்டிருந்த துணிமேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். "காலையிலிருந்து என்னம்மா சாப்பிட்டே?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒரு டீ, ஒரு பாக்கெட் மசாலாக் குச்சி" என்றாள். அன்றைக்கே முதலாளி ரத்தினசாமி முடிவெடுத்துவிட்டார்: டீ நேரத்துக்கு இனிமேல் கம்பெனி செலவில் சுண்டல், கடலை, கிழங்கு.

"பாக்கெட்டுல அடைச்சு விக்கறதெல்லாம் ஒரு தீனியாப்பா? பாதி காத்து, மீதி உப்பு. புள்ளைங்க பயறு பச்சை திங்கோணும். திங்க வெக்கறது உன்ற பொறுப்பு. முடியலீன்னா சொல்லிப்போடு, முடியற ஆளா நான் பாத்துக்கறேன்."

மாதவன் தலையாட்டினான். அவன் மேஜை டிராயரில் அப்போது இரண்டு பாக்கெட் சிப்ஸ் இருந்தன.

சமையலுக்கு வந்த சின்னாத்தாள், தேங்காயும் மாங்காயும் போட்டு மணக்க மணக்கத்தான் சுண்டல் செய்திருந்தாள். ஆனால் முதல் நாள் டீ மணி அடிப்பதற்குள் பெண்கள் வாசல் கடைக்கு ஆளனுப்பிப் பாக்கெட் வாங்கிவிட்டார்கள்.

"இன்னைக்கு வாங்கிட்டோம்ண்ணே. நாளைக்குப் பாப்போம்" என்றாள் செக்கிங்கில் இருக்கும் நதியா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வாயும் கையும் ஒரே வேகம்.

இப்போது செருப்புச் சத்தம். மாதவன் போசியைத் தூக்கிக்கொண்டு துணி ஸ்டோருக்குள் ஓடினான். கொட்டலாம் என்றால் குப்பைத்தொட்டி முதலாளி அறை வாசலில் இருந்தது. துணி உருளைகளுக்கு நடுவில் குந்தி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் போட்டான். வயிறு நிறைந்ததும், மிச்சத்தைப் பனியன் போடும் பாலிதீன் கவரில் கொட்டித் தன் பைக்குள் திணித்தான்.

"என்னப்பா, திங்கறாங்களா?"

வாய் நிறையப் பயறு. மாதவன் போசியைச் சாய்த்துக் காட்டினான்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அட! தொடச்சு வெச்சிருக்காங்க. பத்தலையாட்ட இருக்குது. சின்னாத்தா! நாளைக்கு இன்னுங் கொஞ்சம் சேத்திப் போடு."

மறுநாள் கொண்டைக்கடலை. பெண்கள் போசியைப் பார்த்தார்கள். மாதவனைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்துவிட்டு வாசல் கடைக்குப் போனார்கள்.

"எடுத்துக்கங்கம்மா, உடம்புக்கு நல்லது" என்று மாதவன் கெஞ்சினான்.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள் நதியா.

அன்றும் ஸ்டோர். அன்றும் பாலிதீன் கவர். அன்றும் முதலாளி போசியைப் பார்த்துப் பூரித்துப்போய், "இன்னுஞ் சேத்திப் போடு" என்றார்.

அடுத்த வாரத்துக்குள் மாதவனின் வீட்டில் புயல் அடித்தது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டை அவன் தள்ளித் தள்ளி வைத்தால் மனைவி நாகஜோதிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? பையைத் துழாவினாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்தது.

"யாரு அவிச்சுக் கொடுத்தா?"

உண்மையைச் சொல்லலாம். ஆனால் நாகஜோதியிடம் சொன்னால் தண்ணீர்க் குழாயடிக்குப் போகும்; குழாயடிக்குப் போனால் கம்பெனிக்குப் போகும்; வேலை போய்விடும். அதனால் பாதி உண்மையைச் சொன்னான்.

"சின்னாத்தா."

"ஓஹோ, பேரைச் சொல்லுத அளவுக்கு வந்தாச்சா?"

"ஏட்டி, அதுக்கு அறுபது வயசு!"

"அறுபது வயசுக்காரிக்கு உங்க மேல இம்புட்டு அக்கறை எதுக்கு? தேங்கா துருவல்லாம் போட்டு!"

மறுநாள் காலை அடுப்படியில் அவனுடைய டிபன் டப்பா கவிழ்ந்து கிடந்தது.

"அந்தச் சின்னாத்தா கையாலயே தின்னுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு நாகஜோதி டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனவனுக்கு, டீ மணி எப்போது அடிக்கும் என்று இருந்தது. அன்றைக்கு அவித்த நிலக்கடலை. போசி இறங்கும்போதே அதன்மேல் கண்ணாக இருந்தான். பெண்கள் நகர்ந்ததும் ஸ்டோருக்குப் பாய்ந்தான். இளஞ்சூட்டில், உப்புப் பதமாக, ஒவ்வொரு கடலையும் பாலாக இருந்தது. அவனையறியாமல் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினான்.

அதன்பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. நெஞ்செரிச்சல் நின்றுபோனது. பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒரு நாள் டிராயரைத் திறந்து சிப்ஸை வாயில் போட்டவன், எண்ணெய்க் காகிதத்தை மென்றதுபோல் முகம் சுளித்துத் துப்பினான். ஆனால் உடம்பு இளைக்க இளைக்கப் பெண்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சிலர் "உச்" கொட்டினார்கள். தன் கையாலாகாத்தனத்துக்குத்தான் உச் கொட்டுகிறார்கள் என்று மாதவன் குறுகிப்போனான்.

அப்போதுதான் முதலாளி அவன் தலையில் இடியை இறக்கினார்.

"மாதவா, நாளைக்கு பையிங் ஆபீசுல இருந்து வினிதான்னு ஒரு மேடம் வருது. நம்ம சுண்டல் கதையச் சொன்னேன். புள்ளைங்க சாப்பிடறதைக் கண்ணால பாக்கோணுமாம். புடிச்சுப்போச்சுன்னா பெரிய ஆர்டரே வரும்."

மாதவன் அன்றிரவு தூங்கவில்லை.

மறுநாள் முதலாளியும் வினிதாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சின்னாத்தாள் எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டையையும் தட்டப்பயறுச் சுண்டலையும் கொண்டுவந்து வைத்தாள். வாசம் தையல் பகுதி முழுக்கப் பரவியது. மணி அடித்தது. பெண்கள் வரிசையாக வந்தார்கள், டீயை எடுத்தார்கள், போசியை ஏக்கமாகப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள்.

ஒரு கை நீளவில்லை.

"எடுத்துக்கங்கம்மா... ஒரே ஒரு வாய்" என்றான் மாதவன். போசியை அவர்கள் பக்கம் நகர்த்தினான். நதியா அவனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வினிதா முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மாதவனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு வேலை போய்விட்டது.

"ஏம்மா, தினமும் போசி காலியாகுதே. இன்னைக்கு மட்டும் என்ன? புடிக்கலீங்களா?" என்றார் முதலாளி.

"புடிக்காமலா மொதலாளி? வாசத்துக்கே நாக்குல எச்சி ஊறுது" என்றாள் நதியா.

"பொறகு எடுத்துத் திங்கறதுக்கு என்னம்மா?"

நதியா தயங்கினாள். பிறகு மாதவனைக் காட்டிச் சொன்னாள்:

"எப்படித் திங்க மொதலாளி? பாவம், இந்த அண்ணனுக்கு வீட்ல சோறே போடுறதில்ல போல. தெனமும் ஸ்டோருக்குள்ள ஒளிஞ்சு அள்ளி அள்ளித் திங்கிறத ஜன்னல் வழியாப் பாத்ததுலேர்ந்து, அவருக்குப் பத்தாமப் போயிரக் கூடாதுன்னுதான் நாங்க எல்லாரும் அந்த நாத்தம் புடிச்ச பாக்கெட்டையே வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கோம்!"