மாமாவுக்கு வைத்த தட்டு

இனிமேல் அளவாகத்தான் சாப்பிடுவது என்று உத்தமன் சபதம் எடுத்தது, வேலை போன அன்று சாயங்காலம்.

உடம்பு இளைப்பதற்காக அல்ல. மனைவி சாந்தகுமாரிக்கு விஷயம் தெரியக் கூடாது என்பதற்காக.

உத்தமனுக்குப் பயம் வந்தால் பசி வரும். மற்றவர்களுக்கு நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும். அவருக்கு வயிறு திறந்துகொள்ளும். மகனின் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த காலையில் ஒரு பலாப்பழத்தைத் தனி ஆளாக முடித்தார். சாந்தகுமாரிக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி கேன்டீன்காரர், "வார்டு முழுக்க உங்க சொந்தக்காரங்களா சார்?" என்று கேட்டார். தொண்ணூற்றொன்றில் காவேரிக் கலாட்டா வந்து, பெங்களூர் ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பங்கள் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் வீட்டு இருட்டில் மட்டும் 'நறுக், நறுக்' என்று ஒரு சத்தம். கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்து சாந்தகுமாரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உத்தமன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

சாந்தகுமாரி நேர் எதிர். கவலை வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் கலாட்டா அடங்கிக் கடை திறந்த அன்று, பட்டினி கிடந்த உடம்போடு குழாயடிக்குப் போனவள் குடத்தோடு சாய்ந்தாள். நெற்றிப் பொட்டில் பட்ட காயம் தழும்பாக நின்றுவிட்டது. அவள் மெல்லும்போதெல்லாம் அந்தத் தழும்பு அசையும். உத்தமன் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அது அசைகிற வரைக்கும் வீடு நிற்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஆகவே, அடுகோடிப் பட்டறையின் முதலாளி லேத் மிஷின்களை விற்றுவிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம் உத்தமன்" என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பியபோது, உத்தமன் நினைத்தது வேலையைப் பற்றி அல்ல. தழும்பைப் பற்றி.

அன்று ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு எழுந்தார்.

"போதுமா?" என்றாள் சாந்தகுமாரி.

"போதும். அளவா சாப்பிடணும்னு டாக்டருங்க சொல்றாங்க."

"எந்த டாக்டரு?"

"பொதுவா... டாக்டருங்க."

அவள் தன் தட்டில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கறிவேப்பிலையை ஒதுக்குகிற வழக்கம் அவளிடம் கிடையாது. முடிக்கு நல்லதாம். தழும்பு அசைந்தது. உத்தமன் நிம்மதியாகக் கை கழுவினார்.

மறுநாளும் வேலைக்குப் போகிறவர் போலவே கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார். மதியச் சாப்பாடு காலையிலேயே தீர்ந்தது. பாசி மூடிய தண்ணீர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மேலும் பசித்தது. வீட்டில் அளவு, வெளியில் காலி கேரியர். நடுவில் கிடந்து வயிறு ஊளையிட்டது. சாந்தகுமாரி தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து அலமாரியில் கை வைத்தார். முதலில் பொட்டுக்கடலை. பிறகு தட்டை மாதிரி மொறுமொறுவென்ற நிப்பட்டு. பிறகு பாயசத்துக்கு வைத்திருந்த முந்திரி.

"என்னாங்க, டப்பா நிறைய நிப்பட்டு வச்சேனே, இன்னா ஆச்சு?"

"பூனை."

"பூனை துன்னுட்டு, மூடியைத் திருகி மூடிட்டுப் போச்சா?"

கரண்ட் போயிருந்தது. அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பின் அறைச் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் போட்டோ தெரிந்தது. உத்தமன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன் சாந்தா. அப்பா வராரு."

சொன்னது பொய். சொல்லி முடித்ததும் முதுகில் ஓடிய குளிர் மட்டும் பொய் இல்லை.

அப்பா சண்முகம் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். நெஞ்சில் கல்தூசியோடு செத்துப் பல வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் வாயில் ஒரு பல் கிடையாது. ஆனால் சாப்பாட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. தின்று முடித்ததும் கறிவேப்பிலைகளைத் தட்டின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவைப்பார், ஷிஃப்டுக்கு இறங்க வரிசையில் நிற்கிற ஆட்களைப் போல.

சாந்தகுமாரி சிரிப்பாள் என்று உத்தமன் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தாள்.

"வருவாருங்க," என்றாள் மெதுவாக. "இந்த வருஷம் சுரங்கத்தை மூடிட்டாங்க இல்ல? உயிரோட இருக்கறவங்க எல்லாம் பங்காரப்பேட்டைல ரயிலைப் புடிச்சு இங்கதான வராங்க. செத்தவங்க மட்டும் அங்க இருந்து இன்னா பண்ணுவாங்க? பசியோட வந்திருக்காரு பாவம்."

பக்கத்து வீட்டு மெர்சிக்கும் சேதி போனது. அவளும் கோலார்காரிதான். காலையில் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலை முளைத்தது.

"எங்க சர்ச்சுல இதெல்லாம் நம்பக் கூடாதும்பாங்க அண்ணா. நான் நம்பறதில்ல. ஆனா எங்க மாமனாரும் வந்தாரு."

"வந்து?"

"ஃபேன் கீழ உக்காந்துட்டுப் போயிட்டாரு. உங்கப்பா பரவாயில்ல, சாப்பாட்டோட வுட்டாரு."

அன்றிலிருந்து படையல் ஆரம்பமாயிற்று. அமாவாசை வரைக்கும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமாவுக்கு ஒரு தட்டு. பின் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியும் காலி சிலிண்டரும் அப்பாவும்தான் உண்டு. அந்த அறைக்கு இரண்டு கதவு; ஒன்று வீட்டுக்குள், மற்றொன்று கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்.

"தட்டை வச்சா கதவைச் சாத்திடணும்," என்றாள் சாந்தகுமாரி. "செத்தவங்க துன்றத நாம பாக்கக் கூடாது. நான் மெர்சி வீட்ல சீரியல் பாத்துட்டு வரேன். நீங்களும் அந்தப் பக்கம் போய்க்கீய் வைக்காதீங்க."

"சேச்சே," என்றார் உத்தமன்.

அவள் வாசல் தாண்டியதும் கொல்லைக் கதவின் வெளித் தாழ்ப்பாளை ஓசைப்படாமல் நீக்கினார்.

கருவாட்டுக் குழம்பு. கேழ்வரகுக் களி. மறுநாள் ஆட்டுக்கால். அதற்கு அடுத்த நாள் ஈரல் வறுவல். சண்முகம் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு யாரும் இப்படி ஆக்கிப் போட்டதில்லை. போட்டோவைப் பார்க்காமல், பெட்டியின் மேல் உட்கார்ந்து, உத்தமன் அப்பாவின் பெயரால் பயத்தைத் தின்றார். சீரியல் முடிந்து வந்த சாந்தகுமாரி கதவைத் தட்டி, கனைத்து, திறந்து பார்ப்பாள். "மாமா நல்லா துன்னுருக்காரு," என்று பூரிப்பாள். சபதமும் காப்பாற்றப்பட்டது, வயிறும் காப்பாற்றப்பட்டது. இப்படிப்பட்ட மூளையை வெளியே அனுப்பிவிட்டாரே முதலாளி என்று உத்தமனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் ஒன்று தப்பாகப் போயிற்று. சாந்தகுமாரியின் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள்.

"ஏன்டி?"

"பசியில்லீங்க."

தழும்பு அசையவில்லை. நெற்றியில் அது ஒரு மூடிய கண்ணைப் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் உத்தமன் வழக்கத்தைவிட முன்னதாகவே கொல்லைக் கதவைத் திறந்தார். ஊதுவத்திப் புகை அறையில் அசையாமல் நின்றது. தட்டு இருந்த இடத்தில் இருந்தது.

காலி.

குழம்பின் ஈரம் இன்னும் காயவில்லை. தம்ளரில் தண்ணீர் பாதியாகியிருந்தது. தட்டின் விளிம்பில் கறிவேப்பிலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசையில் நின்றன.

உத்தமன் போட்டோவைப் பார்த்தார். இத்தனை நாள் பார்க்காமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாக அது அவரைப் பார்த்தது. கதவைச் சாத்தினாரா என்பதே அவருக்கு நினைவில்லை. மூச்சு வாங்கி நின்ற இடம் தெருமுனை பேக்கரி. கையில் காராபன். வாயிலும் காராபன்.

அடுத்த நாள் போகக் கூடாது என்றுதான் இருந்தார். கால் போயிற்று. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மரத்தில் காதை வைத்தார்.

உள்ளே யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அவசரமில்லாத மெல்லல். நாள் முழுக்க பூமிக்கு அடியில் இருந்துவிட்டு மேலே வந்தவர் மெல்லுகிற மாதிரி. நடுவில் 'நறுக்' என்று ஓர் எலும்பு உடைந்தது. அப்பாவுக்குத்தான் பல் இல்லையே என்று உத்தமன் நினைத்தார். செத்த பிறகு முளைக்குமோ? வேப்பமரத்தில் அடையவந்த காக்கைகள் திடீரென்று ஒன்றும் பேசாமல் ஆயின. உத்தமனின் வயிறு மட்டும், வெட்கமில்லாமல், என்ன குழம்பு என்று மோப்பம் பிடித்தது.

உத்தமன் கதவில் நெற்றியைச் சாய்த்தார்.

"அப்பா, இத்தினி நாளா உன் சோத்தைத் துன்னது நான்தான். மன்னிச்சுக்கோ. வேலை போயிடுச்சுப்பா. ஏரிக்கரைல உக்காந்துட்டு வரேன். எனக்குப் பயமா இருக்குப்பா. சாந்தாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவளுக்குத் தெரிஞ்சா சாப்பிட மாட்டா. வுழுந்துடுவா."

மெல்லல் நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு உள்ளே போனது. இருட்டில் ஒரு தட்டு நின்றது. அதற்கு மேலே, வாய் நிறையச் சோற்றோடு, சாந்தகுமாரி.

"உள்ள வாங்க," என்றாள் முழுங்கிவிட்டு. "கொசு கடிக்குது."

சமையலறையில் அவரை உட்கார வைத்து இட்லி வைத்தாள். உத்தமனுக்கு முதலில் பேச்சு வரவில்லை. இட்லி உள்ளே போனதும் வந்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வேலை போன அன்னிக்கே."

"யாரு சொன்னது?"

"நீங்கதான். ரெண்டு சப்பாத்தியோட எழுந்தீங்களே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க அளவா துன்னு நான் பாத்ததே இல்ல. பயந்தா நாலு துன்னுவீங்க, பயம் இல்லைன்னா மூணு. ரெண்டுன்னா வேலையே போயிருக்கணும். மறுநாள் காலைல பட்டறைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன்."

"அப்ப இந்தப் படையல்?"

"பொட்டுக்கடலையும் முந்திரியுமா துன்னு உடம்பைக் கெடுத்துக்கினு இருந்தீங்க. சோறாவது துன்னட்டும்னு வச்சேன். மாமாவுக்குப் பல்லே இல்ல, தட்டுல எலும்பெல்லாம் தூளா கெடக்குது. அவரா கடிச்சாரு?"

உத்தமன் தலையைக் குனிந்து இன்னொரு இட்லியைப் பிட்டார்.

"கவலைன்னா உனக்கு எறங்காதே. எப்படி உள்ள உக்காந்து துன்னே?"

"உங்க எதிர்ல எறங்கல. பசியை வச்சுக்கினு நீங்க அளவா துன்ற மூஞ்சியைப் பாத்தா எப்படிங்க எறங்கும்? வாயைத் தொறந்து சொல்வீங்களான்னு பாத்தேன். சொல்லல. நேத்து தட்டை வச்சுட்டு அங்கயே உக்காந்துட்டேன். எறங்குச்சு. மாமா எதுவும் மறைக்கறதில்ல." தழும்பைத் தடவிக்கொண்டாள். "வியாழக்கிழமை ஜீவனஹள்ளி போங்க. மெர்சியோட தம்பி குணசேகர் பட்டறை வச்சிருக்காரு, பேசிட்டேன். கேரியரை ஏரிக்கரைல தொறக்காதீங்க."

தோற்றுவிட்டோம் என்பது உத்தமனுக்குப் புரிந்தது. தோல்வி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"எல்லாம் சரிடி. நேத்து அந்தக் கறிவேப்பிலையை அடுக்கி வச்சே பாரு, அங்கதான் நான் செத்தேன். அப்பா கையே தோத்துப் போச்சு."

சாந்தகுமாரி திரும்பினாள்.

"எந்தக் கறிவேப்பிலை?"

"தட்டு ஓரத்துல. வரிசையா."

"நான் என்னிக்குங்க கறிவேப்பிலையை மிச்சம் வச்சிருக்கேன்?"

இட்லிப் பானையின் ஆவி அவள் முகத்தை மறைத்தது. இருவரும் பின் அறைப் பக்கம் பார்த்தார்கள். வரும்போது அவர்கள் சாத்தாமல் விட்டுவந்த உள் கதவு இப்போது சாத்தியிருந்தது.

அவள் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா, நடுங்குகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பயமா இருக்குதா?" என்றாள்.

"எனக்கென்னடி பயம்?" என்றார் உத்தமன். அதற்குள் கை தட்டை நீட்டியிருந்தது.