றால் அல்ல, றாள்

மகன் தானாகக் கூப்பிடாமல் அவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்துப் பதினொரு நாளாகிறது. பேத்திக்கும் அதே வயதுதான். இன்னும் முகம் பார்க்கவில்லை. இத்தனைக்கும் மகன் வீடு இரண்டு தெரு தள்ளி.

முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். "மகள் பிறந்திருக்கிறால்" என்று மகன் செய்தி அனுப்பினான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். கண் அழுதது, கை மட்டும் பழக்கதோஷத்தில் பதில் அடித்துவிட்டது: "றால் அல்ல, றாள்."

அதோடு பேச்சு நின்றது.

"திருத்தினா அக்கறைன்னு அர்த்தம்" என்றேன் மனைவியிடம்.

"அவனுக்கு அது தெரியாதே."

"இருபத்தெட்டு வருஷமா திருத்தறேன். இன்னுமா தெரியல?"

"அதனாலதான் தெரியல. 'சந்தோஷம்டா'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?"

"அதைச் சொல்லணுமா என்ன? சரி, பாப்பா யார் ஜாடை?"

"போய்ப் பாருங்க."

"போட்டோவாவது காட்டேன்."

"சபதத்துல போட்டோ சேராதா?"

பசி எடுக்கவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. என் நிலைமையை யாராவது அவனிடம் சொன்னால் தேவலை என்றிருந்தது. இன்று காலை மனைவி "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினாள். மேஜை மேல் அவள் போன் கிடந்தது.

எடுத்தேன். அவள் எழுதுவதுபோலவே மகனுக்கு எழுதினேன்:

"கண்ணா அப்பா சரியா சாப்டறதில்ல உன் மெசேஜ எடுத்து பாக்கறார் அந்த றால் மேல விரல வச்சு தடவறார் பாவமா இருக்கு ஒரு தடவ வாங்கப்பான்னு சொல்லேன்"

முற்றுப்புள்ளி, கமா எதுவும் வைக்கவில்லை. 'எடுத்து'க்குப் பிறகு வரவேண்டிய 'ப்'பையும் வேண்டுமென்றே விட்டேன். விட்டது மெய்யெழுத்து, போனது என் உயிர்.

அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"வாங்கப்பா."

மறுபடியும் படித்தேன். அடுத்ததும் வந்தது.

"அம்மா இங்கதான் பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. போனை வேணும்னேதான் வச்சுட்டு வந்தாங்களாம்."

நான் எழுந்து சட்டையைத் தேடினேன். பொத்தான் போடுவதற்குள் மூன்றாவதும் வந்துவிட்டது.

"நீங்க ஒரு மணி நேரமாவது தாங்குவீங்கன்னு நான் சொன்னேன். அம்மா கால் மணி நேரம்னாங்க. கால் மணிகூட ஆகலையேப்பா."