மணிக்கட்டைப் பிடித்த சாமி

செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கல்யாண மண்டபத்துச் சாலையில் பேருந்து நகராது. வள்ளியூர் வேன், ராதாபுரம் வேன், வண்ணார்பேட்டையிலிருந்து ஆள் அடைத்த ஆட்டோக்கள். மண்டபத்துக்குப் பின்னால் தாமிரபரணி அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆற்றுக்குத்தான் குறி சொல்லத் தெரியாதே!

வாசலில் பேனர்: ‘பேசாத பிள்ளைகள் பேசும் தலம். மௌனவாக்குப் பீடம். அருளாளர் பாபநாசம் சுவாமிகள்.’ சுவாமிகள் முன்பு தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். கம்ப்யூட்டர் வந்து பயிலகம் படுத்தது. உடனே அவருக்கு ஞானம் வந்தது.

மேடையில் மாப்பிள்ளை நாற்காலி. அதில் இருபத்து மூன்று வயது வாலிபன். ஆட்டிசம் உள்ளவன், ஒரு சொல் பேசாதவன். எதிரே அகலமான எழுத்துப் பலகை. கேட்க வந்தவர் முதலில் தன் கேள்வியைச் சுவாமிகளிடம் உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குச் ‘சங்கல்பம்’ என்று பெயர். அப்புறம், சிவன் கோயிலில் நந்தி காதில் ஓதுவதுபோல அந்த வாலிபன் காதில் ஓத வேண்டும். சுவாமிகள் அவன் மணிக்கட்டைப் பிடிப்பார். விரல் பலகையில் ஓடும். ‘தை மாதம் வரன் அமையும்.’ ‘காணாமல் போன சங்கிலி மேற்கே இருக்கிறது.’ மேற்கே அரபிக்கடல் வரை இருக்கிறது. தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

விரல் ஓடும்போது வாலிபன் பலகையைப் பார்க்க மாட்டான். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“பாத்தீரா வே, பாக்காமலே எழுதுதான்!” என்றார் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. வள்ளியூரில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். “இது தெய்வம் இல்லாம வேற என்னங்கேன்?”

அந்த வாலிபன் செந்தில்முருகன். என் மகன். அந்தக் கூட்டத்திலேயே பெரிய முட்டாள் யார் என்று கேட்டால் தயங்காமல் என்னைக் காட்டலாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். நெம்புகோலைப் படம் போட்டு விளக்கியவன். ஒரு கையை இன்னொரு கை நகர்த்துவது மட்டும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரே நாளில் நாங்கள் அங்கே போய் விழுந்துவிடவில்லை. செந்தில் சிறுவனாக இருந்தவரை ஏதோ பயிற்சி கிடைத்தது. மீசை முளைத்ததும் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. ஒரு மையத்தில், “பதினாலு வயசுக்கு மேல எடுக்கதில்ல சார்” என்றார்கள். பதினைந்தாவது பிறந்தநாளன்று ஆட்டிசம் விடைபெற்றுப் போய்விடும் போலிருக்கிறது. இன்னோரிடத்தில் நாள் முழுக்கத் தூங்குவதற்கு மருந்து எழுதினார்கள். தூங்குகிறவன் யாருக்கும் தொந்தரவு தரமாட்டான் அல்லவா? மூன்றாமிடத்தில் வாரம் இரண்டு தடவை சென்னைக்கு வரச் சொன்னார்கள். அவனோ பேருந்தில் ஹாரன் அடித்தாலே தன் கையைத் தானே ரத்தம் வரக் கடிப்பான். ஆறடி ஆள். நானும் என் மனைவி கோமுவும் சேர்ந்து பிடித்தாலும் நிற்க மாட்டான். பாளையங்கோட்டையில் கெசியா என்ற பெண் மட்டும் வளர்ந்தவர்களுக்கும் நடத்தைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் காத்திருந்தவர்களில் நாங்கள் நாற்பத்தோராவது ஆள்.

பாபநாசம் சுவாமிகள் வயதே கேட்கவில்லை. “நாளைக்கே கூட்டிட்டு வாங்க” என்றார். ஏமாற்றுக்காரனின் முதல் தகுதி அது. மற்றவர்கள் சாத்திய கதவை அவன் திறந்து வைத்திருப்பான்.

முதல் நாளே பலகை ‘அப்பா’ என்றது. இருபத்து மூன்று வருஷம் கழித்து! நான் மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்து ‘அம்மா’ என்றது. கோமு அழவில்லை. மகன் எதைப் பார்க்கிறான் என்று அவளும் அண்ணாந்து விசிறியைப் பார்த்தாள். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில், வைத்தியத்துக்குப் போனவன் குறி சொல்கிறவனாகிவிட்டான். ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தார்கள். இடது கையைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். “அருள் ஏறுது” என்றார் சுவாமிகள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். பிறகு பலகை, ‘மாத்திரை வேண்டாம்’ என்றது. வலிப்புக்குப் போடுகிற மாத்திரை. அதற்கும் பிறகு, ‘வரும் வெள்ளி முதல் பீடத்திலேயே தங்குவேன். வீடு வேண்டாம்’ என்றது. ஒப்புதல் கடிதத்தைச் சுவாமிகளே தட்டச்சு செய்து கொடுத்தார். ஒரு பிழை இல்லை.

“கையெழுத்துப் போடப் போறியளா?” என்று கேட்டாள் கோமு.

“பிள்ளையே கேக்கான்.”

“பிள்ள கேக்கல. அந்த ஆளு கேக்கான்.”

“தெய்வத்தப் போய்ச் சோதிக்கச் சொல்லுதியா?”

“என் பிள்ளைய எதுக்குச் சோதிக்கேன்? அவனப் பிடிச்சிருக்க கையத்தான் சோதிக்கப் போறேன். மூவாயிரம் பிள்ளையளுக்குப் பரீட்ச வச்ச சார்வாள், இந்த ஆளுக்கு ஒண்ணு வச்சியளா?”

“அந்த மாத்திரை...”

“நிறுத்தவே இல்ல. மோருல கரைச்சுக் குடுக்கேன்.”

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபத்தில் இடமில்லை, ‘தெய்வக்குழந்தை’யைப் பீடத்துக்கு ஒப்படைக்கும் விழா. கோமு ஒரு மஞ்சள்பையோடு மேடையேறினாள்.

“சாமி, பையில என்ன இருக்குன்னு பிள்ள சொல்லட்டும். சொன்னாம்னா மனசார விட்டுட்டுப் போறேன்.”

“தாய் மனசு!” என்று சுவாமிகள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “குடும்மா, ஆசீர்வாதம் பண்ணித் தாரேன்.” பைக்குள் கையை விட்டார், கண்ணையும் விட்டார். உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம்.

கோமு பையை வாங்கிக்கொண்டு செந்திலைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அவனுக்கு மட்டும் காட்டினாள். திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

சுவாமிகள் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் ஓடியது. ‘வா-ழை-ப்-ப-ழ-ம்.’ மண்டபம் அதிர்ந்தது. கோமு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். விழுந்தது ஒரு சோப்புப் பெட்டி. பழத்தை எடுத்துத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு அதை உள்ளே போட்டிருந்தாள்.

“பிள்ள பாத்தது சோப்பு. பழத்தப் பாத்தது சாமிதான்” என்றாள்.



“சந்தேகத்தோட கேட்டா வாக்கு தடுமாறும்” என்றார் சுவாமிகள்.

“தடுமாறலையே, எழுத்துப் பிழை இல்லாம எழுதுனீரே” என்று ஐயம்பெருமாள் அண்ணாச்சி எழுந்தார். “பிள்ளதான் பாக்காம எழுதுதான்லா? அப்ப நீரும் பாக்க வேண்டாம் வே.” தோள் துண்டை எடுத்துச் சுவாமிகளின் கண்ணை இறுக்கிக் கட்டினார். மறுத்தால் மானம் போகும், மறுக்காவிட்டாலும் போகும். சுவாமிகள் உட்கார்ந்தார். அண்ணாச்சி சத்தமில்லாமல் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

“நான் என்ன யாவாரம் பண்ணுதேன்? சொல்லுங்க.”

விரல் மளமளவென்று ஓடியது. தட்டச்சு ஆசிரியர் அல்லவா, கட்டங்கள் மனப்பாடம். அண்ணாச்சி உரக்க வாசித்தார்: “ஙோ... ழூ... ணௌ... பீ...”

“இது என்ன பாஷைலே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“தேவ பாஷை” என்றார் சுவாமிகள், கட்டை அவிழ்க்காமலே. அவிழ்த்துப் பலகையைப் பார்த்ததும் எழுந்தார். சமையல்கட்டு வழியாகப் போனவர் திரும்பி வரவில்லை.

கூட்டம் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? ராஜராஜேஸ்வரி என்றொரு அம்மாள், மகள் ஜாதகத்தோடு கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம்மா, சாமி போலின்னாலும் பிள்ள அசல்தான? வரன் எப்பம்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா.”

“வீட்டுக்குப் போய் உம் மகள்ட்ட கேளும்மா” என்றாள் கோமு. வெளியே ஆட்டோவில் ஏறியதும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த ‘அம்மா’ பொய் என்று மூன்று மாதமாக அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது உண்மையாக இருந்துவிடாதா என்றுதான் அவளும் பையைக் கவிழ்த்திருக்கிறாள். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

கெசியாவிடம் எங்கள் முறை வர எட்டு மாதம் ஆயிற்று. அங்கே அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதல் மூன்று நாள் அவள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தாள். கடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது, கடித்த பின் என்ன நடக்கிறது என்று எழுதினாள்.

“சத்தம் தாங்க முடியாமத்தான் கடிக்கார், அக்கா. கடிச்சதும் நீங்க வெளிய கூட்டிட்டுப் போறீங்க. அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். வேற வழி சொல்லிக் குடுப்போம்” என்றாள். என் மகனை ‘அவர்’ என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

சட்டைப் பைக்கு ஒரு சின்ன அட்டை செய்து கொடுத்தாள்: உள்ளங்கைப் படம், கீழே ‘போதும்’. அதை எடுத்து நீட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று எங்களுக்கும் பாடம். அவன் கற்க நான்கு மாதம் பிடித்தது. முதல் தடவை தானாக எடுத்து நீட்டியது கோமுவிடம், மிக்சி ஓடும்போது. அவள் மிக்சியை நிறுத்திவிட்டு அட்டையை மார்போடு வைத்துக்கொண்டாள்.

போன ஐப்பசியில் காய்ச்சலென்று படுத்த கோமு எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் வீடு நிறைய ஆள். என் சித்தப்பா மகன் கோமதிசங்கர், படித்தவன், வங்கி அதிகாரி, செந்திலின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, ராதாபுரம் பக்கம் ஒரு சாமி வந்திருக்காவ. இந்த மாதிரி பிள்ள கையப் பிடிச்சாவன்னா செத்தவங்களே பேசுதாங்களாம். மதினி மனசுல என்ன இருந்துச்சோ, ஒரு தடவ...” சொல்லிக்கொண்டே செந்திலின் மணிக்கட்டைப் பிடித்தான்.

செந்தில் கடிக்கவில்லை. கையை உருவிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, பிடித்தவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போனான்.

கோமதிசங்கர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இத இவனாவா குடுத்தான்? நம்ப முடியலையே! பின்னால இருந்து யாரும் சொல்லிக் குடுத்தியளா?”

நமக்குச் சந்தேகப்படத் தெரியாது என்று யார் சொன்னது? பிரமாதமாகத் தெரியும். சாமியார் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம், அவ்வளவுதான். அடுத்த தடவை செருப்பை மட்டும் கழற்றுங்கள்.